பெரிய எழுத்தாளரோடு பழகுவது எப்படி? கடலோரப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் மாதம் ஒருமுறை நாங்கள் சிலர் கூடி, படித்ததைப் பேசுகிறோம். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், பாம்பன், சாயல்குடி என்று கடலோர ஊர்களிலிருந்து எழுதும் ஆசையோடு பிள்ளைகள் வருகிறார்கள். கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது பேச்சு எப்படியோ ஒரே இடத்துக்கு வந்துவிடும்: பெரிய எழுத்தாளர் ஒருவரை எப்படிப் பார்ப்பது, பார்த்தபின் எப்படிப் பழகுவது? நானும் இளவயதில் அப்படி ஒருவரிடம் போய்ச் சேர்ந்து, அவர் மறையும்வரை பழகியவன். அதனால் என்னைக் கேட்கிறார்கள்.

சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். வயதும் பேரும் உள்ள எழுத்தாளரைக் கீழே 'பெரியவர்' என்றே குறிக்கிறேன். பெண் எழுத்தாளர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும்.

அண்ணே, அவர் போன் நம்பர் உங்ககிட்ட இருக்கா?

இருந்தாலும் தர மாட்டேன். எண்பது வயதுக்காரரின் மதியத் தூக்கத்தைக் கலைத்து "சார், நான் உங்க ரசிகன்" என்று சொல்வதில் யாருக்கும் லாபமில்லை. கடிதம் எழுதுங்கள். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பக்கங்களில் பதிப்பகத்தின் முகவரி இருக்கும். பெரியவர் பெயரை எழுதி, கீழே 'மே/பா' போட்டுப் பதிப்பகத்தின் பெயரை எழுதினால் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. ராமநாதபுரத்துக்கும் பெரிய பெயர்கள் பேச வருகிறார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் செல்ஃபிக் கூட்டம் மொய்க்கும், அதில் போய் நிற்காதீர்கள். அதற்கு முன்னாலோ பின்னாலோ பதிப்பக அரங்கில் ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார். அதுதான் நேரம்.

முதல் கடிதத்துல என்ன எழுதணும்?

எது எழுதக்கூடாது என்பது சுலபம். உங்கள் வாழ்க்கை வரலாறு வேண்டாம். "தங்கள் எழுத்துகள் என் வாழ்வையே மாற்றின" வேண்டாம், அது அவருக்கு வரும் எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது. உங்கள் கதையைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி முதல் கடிதத்திலேயே கேட்கவும் வேண்டாம்.

மண்டபம் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதிய கடிதத்தை நான் பார்த்திருக்கிறேன். பெரியவரின் நாவல் ஒன்றில் கடலோரப் பெண்கள் பாசி எடுக்கும் காட்சி வருகிறது. அவள் அம்மா தீவுகளுக்குப் போய்ப் பாசி எடுப்பவர். அவள் எழுதியது இவ்வளவுதான்: "உங்கள் காட்சியில் பெண்கள் வெறுங்கையால் பாறையிலிருந்து பாசி பறிக்கிறார்கள். அம்மா விரல் ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் இறங்குவார். கட்டாவிட்டால் பாறை விரலைக் கிழித்துவிடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தத் துணியை அவிழ்க்கும்போது விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருக்கும். ஆனால் பெண்கள் கரையேறியதும் முதலில் பேச்சு எதைப் பற்றி வரும் என்று எழுதியிருக்கிறீர்களே, அது அப்படியே உண்மை. உங்களுக்கு அது எப்படித் தெரிந்தது?"

பெரியவர் இரண்டு பக்கத்தில் பதில் போட்டார், முழுக்கக் கேள்விகள். என்ன துணி? பழைய சேலையா, சட்டையா? யார் கட்டிவிடுவார்கள், அவரவரே பல்லால் கடித்துக் கட்டிக்கொள்வார்களா? அந்தப் பெண் தனக்கென்று எதையும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தான் ஒழுங்காகப் படித்ததைக் காட்டினாள். எழுதுகிறவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

சார்னு கூப்பிடணுமா, ஐயாவா?

சார் போதும். பெண்கள் என்றால் அம்மா, மேடம், எது நாக்குக்கு வருகிறதோ அது. சிலர் "என்ன சார் மோர்?" என்று சிரித்துவிட்டு வேறு ஏதாவது சொல்லிக்கொடுப்பார்கள். 'குருவே' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். முதல் நாளே அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால், பிறகு அவர் கதை ஒன்று சுமாராக இருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்?

அவர் எழுதுனது எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் போகணுமா?

ஐம்பது வருடம் எழுதியவர் என்றால் எல்லாம் சாத்தியமில்லை. ஒன்றை இரண்டு முறை படியுங்கள். படிக்காததைப் படித்ததாகச் சொல்லாதீர்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பாக்கப் போகும்போது கையில என்ன கொண்டு போறது?

வெறுங்கையோடு போக நம் ஊர்க்காரர்களுக்கு மனசு வராது. கீழக்கரைத் தொதல், சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, கொஞ்சம் முண்டு மிளகாய் வத்தல், இவற்றில் ஏதாவது ஒன்று. தொதல் கொண்டுபோனால் அதை வீட்டில் உள்ளவர்கள் கையில் கொடுங்கள். இந்த வயதில் சர்க்கரை இல்லாதவர் குறைவு, பெரியவர் கையிலேயே கொடுத்தால் பாதியைத் தின்றுவிட்டு உங்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவார். கருவாட்டை ரயிலில் கொண்டுபோவது உங்கள் துணிச்சல். சேது எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் பக்கத்து இருக்கைக்காரர் என்ன பாடுபடுவார் என்பதையும் யோசியுங்கள்.

சால்வை வேண்டாம். ஏற்கெனவே பீரோ நிறைய இருக்கும்.

போறப்பவே என் கதையையும் குடுத்துறலாமா? மொத்தம் பதினாலு இருக்கு.

முதல் சந்திப்பில் எதையும் நீட்டாதீர்கள். அவரே "நீங்க எழுதுறீங்களா?" என்று கேட்பார். அப்போதும் ஒன்றுதான். உங்களுக்கே எது சரியாக வந்திருக்கிறது, எது வரவில்லை என்று குழப்பம் தருகிற கதையாகக் கொடுங்கள். மிகச் சிறந்ததைக் கொடுத்தால் பாராட்டு கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது.

தாளில் அச்செடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவே நல்ல இடம் விட்டு, ஒரு பக்கம் மட்டும். வாட்ஸப்பில் கோப்பாக அனுப்பிவிட்டு நீல டிக் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களைத் தெரியும். கண்புரை அறுவை செய்துகொண்டவருக்குக் கைப்பேசித் திரையில் கதை படிப்பது தண்டனை.

ஆறு மாசமாச்சு சார், பதிலே இல்ல. பிடிக்கலையா?

இருக்கலாம். அல்லது கண்ணாடி உடைந்திருக்கலாம், அவரே ஒரு நாவலின் நடுவில் இருக்கலாம், உங்கள் தாள்கள் நாற்பது பேரின் தாள்களுக்கு அடியில் இருக்கலாம். ஒருமுறை நினைவூட்டலாம், அது தப்பில்லை. இரண்டாவது முறை வேண்டாம். அதற்குள் நீங்கள் இன்னொரு கதை எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை என்றால் பிரச்சினை பெரியவரிடம் இல்லை.

அவர் என் கதையில பாதியை அடிச்சுட்டார். எல்லாத்தையும் ஏத்துக்கணுமா?

இந்தக் கேள்விக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் இந்த உறவால் உண்மையிலேயே கிடைக்கும் லாபம் இதுதான். முன்னுரை, சிபாரிசு, புகைப்படம் எல்லாம் போகும் வரும். நாற்பது வருடமாக வாக்கியங்களோடு மல்லுக்கட்டிய ஒருவர், பென்சிலை எடுத்துக்கொண்டு உங்கள் ஒரு பக்கத்துக்கு முன்னால் உட்காருவது வேறு எங்கும் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அடித்த வரியை அடிக்காத வரியோடு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரி வரிகளைத்தான் அடித்திருப்பார்: காட்டிவிட்ட விஷயத்தை மறுபடி விளக்கும் வரி, அழ வைக்க எழுதிய வரி, கதை முடிந்தபின் வரும் கடைசிப் பத்தி. அதில் வாதாடாதீர்கள். அடித்தபடியே ஒருமுறை சுத்தமாக எழுதிப் படித்துப் பார்த்துவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.

கடல் பற்றிய விவரத்தில் அவர் கைவைத்தால் கதை வேறு. பாம்பன் பையன் ஒருவன் கதையில், ஆடி மாதம் தென்கடல் கொந்தளிப்பாக இருக்கிறது என்று ஒருவர் தூக்குப்பாலம் திறக்கக் காத்திருந்து, படகை வடகடலுக்குக் கொண்டுபோகிறார். அங்கே தண்ணீர் குளம்போலக் கிடக்கிறது. பெரியவர் ஓரத்தில் எழுதியிருந்தார்: "ஒரே தீவு. இந்தப் பக்கம் கொந்தளிப்பு, அந்தப் பக்கம் அமைதியா? நம்பும்படி இல்லை." நமக்கு இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் தென்கடலான மன்னார் வளைகுடா சீறும், வடகடலான பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் தலைகீழ். உள்நாட்டுக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

பையன் கோபப்பட்டான். நான் சொன்னேன்: அவர் சொன்னது கடலைப் பற்றித் தப்பு, உன் கதையைப் பற்றிச் சரி. அவர் நம்பவில்லை என்றால் அந்தக் காற்று உன் பக்கத்தில் வீசவில்லை. அவன் விளக்கம் எதுவும் எழுதவில்லை. அந்த மனிதர் தெற்குக் கரையில் தலைத்துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், வடக்குக் கரைக்கு வந்ததும் அதே துண்டை அவிழ்த்து முகம் துடைப்பதையும் சேர்த்தான். அடுத்த முறை பெரியவர் அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. ராமேஸ்வரம் பக்கம் கடலுக்குப் போக விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், இதெல்லாம்கூட அப்படித்தான். உண்மை என்பதற்காக வாசகர் நம்பிவிட மாட்டார்.

நான் அவர் மாதிரியே எழுதுறேன்னு எல்லாரும் சொல்றாங்க. அது நல்லதா கெட்டதா?

கொஞ்ச நாளைக்கு நல்லது. யாருடைய சாயலும் இல்லாமல் யாரும் ஆரம்பிப்பதில்லை. மூன்றாவது வருடமும் அப்படியே சொன்னால் கவலைப்படுங்கள். அப்போது அவர் எழுதாத ஆட்களை எழுதிப் பாருங்கள். ஐஸ் பெட்டி சுமப்பவர், வளைகுடா நாட்டிலிருந்து திரும்பிவந்து மோர்பண்ணையில் கடை வைத்திருப்பவர், இறால் பண்ணைக் காவலாளி. அந்த ஆட்களுக்கு அவர் வாக்கியம் பொருந்தாது, தானாக உடைந்துவிடும்.

அணிந்துரை கேட்கலாமா? கேட்டா தப்பா நினைப்பாரா?

கேட்கலாம். ஆனால் கூச்சமில்லாமல் 'இல்லை' சொல்ல அவருக்கு வழி விட்டுக் கேளுங்கள். "நேரமிருந்தால், புத்தகம் பிடித்திருந்தால் மட்டும்" என்று எழுத்தில் கேட்பது நல்லது. நேரில் கேட்டால் முகத்துக்காக ஒப்புக்கொள்வார். பிறகு வருவது "வளரும் எழுத்தாளர், வாழ்க" வகை அரைப் பக்கம். அதைப் போடுவதற்குப் போடாமலே விடலாம்.

இதற்கு நம்மிடம் பழைய விதியே இருக்கிறது. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது அந்தக் கால அணிந்துரை, யார் சொல்லலாம் என்று நன்னூல் பட்டியல் போடுகிறது: தன் ஆசிரியர், தன்னோடு படித்தவர், தன் மாணவர், உரைகாரர். தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால்தான் அடுத்தவர் சொல்கிறார். அந்தப் பட்டியலில் கூடப் படித்தவர் இருப்பதைப் பாருங்கள். உங்களோடு சேர்ந்து எழுதும் தோழி ஒருத்தி மூன்று பக்கம் மனசாரச் சொன்னால், பெரியவரின் அரைப் பக்கத்தைவிட அது கனமானது. பதிப்பகத்தாருக்கு இது பிடிக்காது, அது வேறு விஷயம்.

பத்திரிகைக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாமா?

வேண்டாம். அவராகச் சொன்னால் நன்றி சொல்லுங்கள். கேட்டு வாங்கினால் அன்றிலிருந்து நீங்கள் வரும்போதெல்லாம் இவன் இன்று எதற்கு வந்திருக்கிறான் என்று யோசிப்பார்.

நம்ம பக்கம் இது பழைய பழக்கம்தானே? சீதக்காதி உமறுப்புலவரை வச்சுப் பாத்த மாதிரி?

கீழக்கரைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி. பெருமையான உதாரணம்தான். ஆனால் சீதக்காதி கவிஞர் இல்லை, வள்ளல். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் துணை நின்றவர். நூல் முடிவதற்குள் சீதக்காதி மறைந்துவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 5,027 பாடல்கள் உள்ள காப்பியத்தைப் பாட ஒருவருக்கு முதலில் சாப்பாட்டுக் கவலை இல்லாமல் இருக்க வேண்டும். அதைத்தான் வள்ளல்கள் செய்தார்கள். பாட்டுக்குள் வந்து திருத்தம் சொல்லவில்லை.

பெரியவரிடம் பணமோ பதவியோ இருப்பதாக நினைத்துப் போகிறவர்கள் வள்ளலையும் எழுத்தாளரையும் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழ் எழுத்தாளர்களில் பலருக்கு ஓய்வூதியமும் மருந்துச் செலவும்தான் சொத்து. சீதக்காதி வேண்டுமென்றால் துபாயில் தேடுங்கள்.

அவருக்குக் கண்ணு தெரியல, சொல்லச் சொல்ல நான்தான் டைப் பண்றேன். இதுல எனக்கு என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். அந்த வரிசையில் உட்கார்ந்தவர்தான் உ.வே. சாமிநாதையர். இருவருக்கும் நாற்பது வயது இடைவெளி. ஒருவர் எந்த இடத்தில் தயங்குகிறார், எந்தச் சொல்லை எடுத்துவிட்டு எதைப் போடுகிறார் என்பதை எழுதுகிற கைதான் முதலில் அறியும். அச்சில் வரும்போது அந்தத் தயக்கம் மறைந்துவிடும்.

காசு விஷயத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் என்றால் அன்பு, தினமும் நான்கு மணி நேரம் என்றால் வேலை. வேலைக்குக் கூலி கேட்பது அவமரியாதை இல்லை. அவரால் முடியாவிட்டால் பதிப்பகம் தரலாம். பெயரைப் பொறுத்தவரை, நீங்கள் தட்டச்சு செய்த நூலுக்கு உரிமை அவருடையது. நன்றிப் பக்கத்தில் உங்கள் பெயர் வருவது நாகரிகம். சில பத்திகளை நீங்களே எழுதி அவர் ஒப்புக்கொண்டார் என்றால், அது புத்தகத்தில் எப்படிக் குறிக்கப்படும் என்பதை அச்சுக்குப் போவதற்கு முன்பே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கவிதையை விட்டுடு, உரைநடைதான் உனக்கு வரும்ங்கிறார். விட்டுடவா?

சாமிநாதையர் கதையிலேயே இதற்கும் ஒன்று இருக்கிறது. மாயூரத்தில் அவர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தார். தமிழ்ப் படிப்புக்கு அது இடைஞ்சல் என்று பிள்ளையவர்களுக்குப் பட்டது, சாமிநாதையர் பாட்டுப் பாடத்தை விட்டுவிட்டார். விட்டது நல்லதா என்று இன்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. தமிழுக்குச் சங்க நூல்கள் கிடைத்தன. ஒரு பாடகர் கிடைக்காமல் போயிருக்கலாம்.

அவர் சொல்வது ஒரு நல்ல வாசகரின் கருத்து. காரணம் கேளுங்கள். காரணம் உங்கள் கவிதைகளைக் காட்டிச் சொல்லப்பட்டால் யோசியுங்கள். "எனக்குக் கவிதையே பிடிக்காது" என்பதுதான் காரணம் என்றால், தொடர்ந்து எழுதி வேறொருவரிடம் காட்டுங்கள்.

மருந்து வாங்க, பேங்க்குக்குப் போக, எல்லாத்துக்கும் என்னையே கூப்பிடுறார். நாலு பேர் முன்னால திட்டவும் செய்றார்.

மருந்து வாங்கித் தருவது தப்பில்லை, தாத்தாவுக்குச் செய்வதுதானே. உங்கள் எழுத்து நேரம் போகிறதா என்பதுதான் அளவுகோல். "செவ்வாய், வெள்ளி வருகிறேன்" என்று நாள் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

திட்டுவதில் இரண்டு வகை உண்டு. எழுத்தைத் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். உங்களையும் உங்கள் சாதியையும் குடும்பத்தையும் தொழிலையும் தொட்டுப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆசிரியர் எப்படி மகிழ்வாரோ அப்படி நடந்துகொள் என்று சொல்லும் அதே நன்னூல், 'அறத்தின் திரியாப் படர்ச்சி' என்றும் சேர்த்தே சொல்கிறது. அறத்திலிருந்து விலகாத வரைக்கும்தான் வழிபாடு.

நான் பொண்ணு. தனியாப் போய்ப் பார்க்கலாமா? வீட்ல கேட்டா என்ன சொல்றது?

முதல் முறை யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா, தம்பி, கூடப் படிப்பவர், யாராக இருந்தாலும் சரி. நல்ல மனிதர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், அவருக்கே அது நிம்மதி. வீட்டில் மற்றவர்கள் இருக்கும் நேரமாகவோ, நூலகம், கூட்டம் மாதிரிப் பொது இடமாகவோ பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒளிக்காதீர்கள். ஒளித்தால் பின்னால் ஏதாவது என்றால் சொல்ல ஆளிருக்காது.

ராத்திரி பத்து மணிக்கு மேல் இலக்கியம் பேச அழைப்பு வந்தால், "இதை யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்ற வார்த்தை வந்தால், கதையைப் பற்றி ஆரம்பித்த பேச்சு உங்கள் உடையில் போய் முடிந்தால், அதற்கு மேல் அங்கே வேலையில்லை. பெரிய எழுத்தாளர் என்பதால் சலுகை கிடையாது. குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181, பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் 1098. எங்கள் கூட்டத்தின் அக்காமார் யாரிடமாவது சொன்னாலும் போதும், கூட வருவார்கள். அவர் இல்லாமலும் நீங்கள் எழுத்தாளர் ஆகலாம்.

அவர் ஒரு மேடையில பேசினது எனக்குச் சுத்தமா ஒப்பல. எதிர்த்து எழுதினா துரோகமா?

இல்லை. எழுதியதை வெளியிடுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு வரி சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். வேறொருவர் படித்துக்காட்டி அவர் தெரிந்துகொள்வது மோசம். பேச்சுக்குப் பதில் பேச்சு. வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டபோது கேட்டவற்றை அதில் இழுக்காதீர்கள்.

மூத்த எழுத்தாளர் சுந்தர ராமசாமிக்கும் அவரிடம் பழகி வளர்ந்த ஜெயமோகனுக்கும் இடையே வந்த கருத்து மோதல் தமிழ் வாசகர்கள் அறிந்ததுதான். 2005-ல் சு.ரா. மறைந்ததும் அவரைப் பற்றி முழுப் புத்தகமே எழுதியவரும் ஜெயமோகன்தான். அந்தப் புத்தகத்தையும் ஏற்காதவர்கள் உண்டு. சண்டை போட்டால் உறவு போய்விடும் என்று எந்தச் சட்டமும் இல்லை, நீடிக்கும் என்றும் இல்லை.

எங்க ஆச்சி தனுஷ்கோடியில தப்பிச்ச கதையை அவர்கிட்ட சொன்னேன். அவர் அதை எழுதிட்டார்! என்ன செய்றது?

வயிறு எரியும், புரிகிறது. சட்டப்படி பார்த்தால், கருவுக்கும் கேட்ட செய்திக்கும் காப்புரிமை கிடையாது, எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு. 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தப்பியவர்கள் பலருக்கும் கதை உண்டு. ஆச்சி சொன்னதை நீங்கள் வாயால் சொல்லி, அவர் தன் நடையில் எழுதினால் வழக்கு நிற்காது. நீங்கள் எழுதிக் கொடுத்த பக்கத்திலிருந்து வரிகளை எடுத்திருந்தால் அது வேறு, அப்போது கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

நீங்களும் எழுதுங்கள் என்பதுதான் என் பதில். பாம்பன் படகு பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதியது கேட்டவர் எழுதிய கதை. ஆச்சி எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு ஓடினார், எதைச் சொல்லும்போது பேச்சை நிறுத்திவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடுவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இனிமேல் எழுதி முடிக்காததை யாரிடமும் முழுசாகச் சொல்லாதீர்கள்.

அவர் எனக்கு எழுதின லெட்டர்லாம் இருக்கு. புத்தகமாப் போடலாமா?

தாள் உங்களுடையது, வார்த்தைகள் அவருடையவை. கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்குத்தான். அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகளுக்கு, இறந்த அடுத்த ஆண்டிலிருந்து கணக்கிட்டு 60 ஆண்டுகள். இருக்கும்போதே கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், அதனால் காலத்தையும் குறிப்பிடச் சொல்லுங்கள். வாட்ஸப்பில் அனுப்பிய நீண்ட செய்திகளையும் குரல்பதிவுகளையும் கடிதம் மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஆளைப் பற்றி அவர் அலுத்துக்கொண்ட வரிகள் இருக்குமே, சட்டம் இடம் கொடுத்தாலும் அவற்றை எடுத்துவிடுங்கள். அந்த ஆளுக்கும் பேரன் பேத்தி இருக்கிறார்கள்.

இப்பல்லாம் சொன்னதையே சொல்றார். என் பேரையும் மாத்திக் கூப்பிடுறார். போறதை நிறுத்திடலாமா?

உங்களுக்கு லாபம் நின்றுவிட்டது என்பதால் நிறுத்துகிறீர்கள் என்றால், அதையாவது உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிக்கொள்ளுங்கள். மறதிக்காரரோடு இருப்பது கஷ்டம்தான். குறைவாகப் போங்கள், அரைமணி நேரம் போதும். புதுக் கதையைக் காட்டி அபிப்பிராயம் கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். அவருக்குப் பிடித்த எதையாவது வாசித்துக் காட்டுங்கள். பழைய பாட்டு, பழைய கதை நன்றாக நினைவில் இருக்கும். அந்த நாட்களில் அவர் சொல்வதைப் பதிவு செய்து இணையத்தில் போடுவது மட்டும் கூடாது. தன்னிலை தெரியாதவர் தரும் பேட்டி பேட்டியே இல்லை.

வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கையெழுத்துப் பிரதிகளை அட்டைப்பெட்டியில் ஒழுங்காக வைக்க உதவலாம். கடலோரத்தில் உள்ள வீடு என்றால் உப்புக்காற்றில் குண்டூசி துருப்பிடித்துத் தாளையும் தின்றுவிடும், முதலில் ஊசிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள்.

செய்தி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகல, அஞ்சலிக் கட்டுரை கேட்டு போன் வருது. எழுதணுமா?

மறுக்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள். புதுமைப்பித்தன் 1948-ல் மறைந்தார், பதினேழு வயது இளையவரான ரகுநாதன் எழுதிய வரலாறு வந்தது 1951-ல். பிள்ளையவர்கள் போனது 1876-ல், சாமிநாதையர் அவர் சரித்திரத்தை அச்சிட்டது 1933-34-ல்.

எழுதத்தான் வேண்டும் என்றால் அவருடைய ஒரு கதையை எடுத்து அதைப் பற்றி எழுதுங்கள். "என்னைப் பார்த்து அவர் சொன்னார்" என்று தொடங்கும் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள், இரண்டுக்கு மேல் போனால் அடியுங்கள். பிறந்த ஆண்டு, ஊர், நூல்களின் பெயர், இவற்றை வீட்டாரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அன்று அவர்களிடம் கேட்க முடியாது என்று பட்டால் ஆண்டுகளைப் போடாமலே அனுப்பிவிடுங்கள்.